மொழி ஓடுகிறது, கையேடு எப்போது?

2025 ஜனவரி 18

பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தமிழ்ச் சொற்களை வைத்து ஒரு சின்ன நிரல்மொழி எழுதியிருக்கிறேன். நிரலை வாசித்துப் பிரிக்கும் பாகுபடுத்தி வேலை செய்கிறது, கணக்குப் போடுகிறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றும் ஓடுகிறது. மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறேன். கையேட்டை இப்போதே எழுதுவதா, மொழி ஒரு நிலைக்கு வந்த பிறகு எழுதுவதா?”

இப்போதே எழுதுங்கள். ஆனால் “அறிமுகம்” என்று தலைப்புப் போட்டுத் தொடங்காதீர்கள். முதலில் பிழைச்செய்திகளை எழுதுங்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து இதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஹற்றனில் ஒரு டியூசன் அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகளுக்கு அதை வைத்துத்தான் வகுப்பு. அங்கே நான் பார்த்த வரைக்கும் எந்தப் பிள்ளையும் கையேட்டைத் திறந்து வாசித்துவிட்டுத் தட்டச்சைத் தொடங்குவதில்லை. எதையாவது அடிக்கிறார்கள், அது உடைகிறது, திரையில் சிவப்பாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அவர்கள் கட்டாயம் வாசிக்கும் பக்கம் அது ஒன்றுதான். அதையே ஒரு வரியில் முடித்துவிட்டு, யாரும் திறக்காத முன்னுரைக்கு வாரக்கணக்கில் மெருகு போடுகிறோம்.

பெரிய மொழிகளும் இந்த இடத்துக்குத் தாமதமாகத்தான் வந்தன. உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் இருக்கிறது. திறந்த அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பைதன் அடுத்த வரியைக் காட்டி “தொடரமைப்புப் பிழை” என்று மட்டும் சொல்லும். பிள்ளை அந்த அடுத்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு குறையும் இருக்காது. 2021இல் வந்த 3.10 பதிப்பில்தான் “இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை” என்று திறந்த இடத்தையே காட்டத் தொடங்கியது.

எங்கள் மொழியில் ‘ஆனால்’ நிபந்தனையைத் தொடங்கும் சொல், ‘முடி’ அதை மூடும் சொல். மூட மறந்தால் முன்பு இப்படி வரும்:

வரி 23: எதிர்பாராத கோப்பு முடிவு

இப்போது:

7ஆம் வரியில் ‘ஆனால்’ தொடங்கியிருக்கிறது. அதற்குரிய ‘முடி’ கோப்பின் கடைசி வரை வரவில்லை.

இரண்டாவது செய்தியை எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது, பாகுபடுத்திக்கு அதைச் சொல்ல வழியே இல்லை என்று. ஒவ்வொரு தொகுதியும் எந்த வரியில் தொடங்கியது என்பதை அது எங்கும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே பாகுபடுத்தியை மாற்றினோம். மொழியின் ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது அந்தச் செய்திதான். பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தால் பழைய வரியே நின்றிருக்கும்.

2025 ஜனவரி 19

“பிழை இருக்கும் இடத்துக்குக் கீழே ^ போட்டுக் காட்டினால் போதுமே, எதற்கு இவ்வளவு வசனம்” என்று ஒருவர்.

தமிழில் போட்டுப் பாருங்கள். ‘கொழுந்து’ என்ற சொல்லில் நமக்கு 4 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் 8 குறியீடு. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் அது பிடிக்கும் அகலம் இந்த மூன்றில் எதனோடும் ஒத்துப்போகாது. எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ^ எங்கேயோ வலது பக்கத்தில் வெற்றிடத்தில் போய் நிற்கும்.

நாங்கள் அந்தக் குறியையே எடுத்துவிட்டோம். தவறிய சொல்லை மேற்கோளுக்குள் திருப்பிச் சொல்கிறோம். அந்த வரியில் அதே சொல் இரண்டு முறை வந்தால் “இரண்டாவது ‘எடை’” என்கிறோம். அவ்வளவுதான்.

2025 ஜனவரி 25

நிரலில் மதிப்பை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், ஏனென்றால் வெளியே இதைப் பற்றி நிலவும் நம்பிக்கைகள் பாதி சரி, பாதி பிழை.

“இந்தக் காலத்து மொழிகள் எல்லாம் யூனிகோட் பெயர்களை ஏற்கும்” என்பார்கள். பைதன் 3 ஏற்கும். ரஸ்ட் 2021இல் 1.53 பதிப்பிலிருந்து ஏற்கும். கோ மொழியும் யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் என்றுதான் அதன் வரையறை சொல்கிறது. ஆனால் அங்கே ‘எழுத்து’ என்ற வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் வராது. ஆகவே கோ மொழியில் ‘சம்பளம்’ என்று மாறிக்குப் பெயர் வைக்க முடியாது. ‘ம்’ வந்ததும் புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ‘பல’, ‘நட’, ‘வர’ என்று குறி எதுவும் இல்லாத சொற்களைத் தேடிப் பிடித்துப் பெயர் வைக்கலாம். அப்படி நிரல் எழுதினால் மந்திரம் ஓதுவது போல இருக்கும்.

பைதனிலும் பாதி வழிதான். மாறியின் பெயராக ‘தோட்டம்’ செல்லும். ஆனால் அதே பைதனில், எழுத்து வடிவத்தைக் கொடுத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்ற குறியைக் கொடுத்து ‘தோட்டம்’ என்பதைத் தேடச் சொன்னால் ‘த’, ‘ட’, ‘டம’ என்று மூன்று துண்டாக்கித் தரும். மொழி ஒரு விதியைப் பின்பற்றுகிறது, அதன் நூலகம் வேறொரு விதியைப் பின்பற்றுகிறது. பைதனில் தமிழ் நிரல்மொழி ஒன்றுக்குச் சொல்பிரிப்பி (நிரலைச் சொல் சொல்லாக வெட்டும் பகுதி) எழுதப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் விழுவது இந்தக் குழியில்தான். சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டியிருந்தால் ஓபன்-தமிழ் நூலகத்தில் அதற்கென்றே செயற்கூறு (அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு) இருக்கிறது. திரும்ப எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது சமன்படுத்தல். ‘கொ’ என்பதை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து மூன்று குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோட் தரமே இவற்றை ஒன்றாக்கும் முறையை வைத்திருக்கிறது. அதைச் சொல்பிரிப்பியின் முதல் படியிலேயே செய்துவிடுங்கள். செய்தீர்கள் என்பதைக் கையேட்டிலும் எழுதுங்கள், ஏனென்றால் மொழிக்கு வெளியே கோப்பைத் தேடுகிறவர் சமன்படுத்தாத வடிவத்தைத் தேடிவிட்டு “காணவில்லை” என்பார்.

சமன்படுத்தலால் தீராதவையும் உண்டு. ‘கௌரி’யும் ‘கெளரி’யும். இரண்டாவதில் இருப்பது ஔகாரக் குறி அல்ல, ஒற்றைக் கொம்பும் ளகரமும். எந்தத் தரமும் இவற்றை ஒன்றாக்காது. தமிழ் எண்ணான ௧, எழுத்தான க; எண்ணான ௭, எழுத்தான எ: இவையும் அப்படித்தான். எங்கள் மொழி இவற்றைத் தடுப்பதில்லை. ஒரே நிரலில் இரண்டு பெயர்கள் இப்படிக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் எச்சரிக்கை மட்டும் கொடுக்கிறது. ரஸ்ட் இப்படித்தான் செய்கிறது, அங்கிருந்து எடுத்ததுதான்.

2025 ஜனவரி 26

மேலே ஒன்று விட்டுப்போனது: ஸ்ரீ.

இதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். மாறிப் பெயரில் இது அபூர்வம். தரவில் அப்படி இல்லை. பெயர்ப் பட்டியல் எதை எடுத்தாலும் ஒரு ஸ்ரீதரனோ ஜெயஸ்ரீயோ இருப்பார்கள். பட்டியலை இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்திருந்தால் தேடல் ஒருவரைக் கண்டுபிடிக்கும், மற்றவரை விட்டுவிடும். சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிடும் செயற்கூறின் குறிப்பில் இதைத் தனியாக எழுதியிருக்கிறோம்.

யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அது தனிக்கதை. முதலில் மாற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

2025 பெப்ரவரி 9

இன்று பகல் பதினொன்றரை அளவில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டுவிட்டதாம். மடிக்கணினியில் பேட்டரி இருந்தது, நிரலும் இருந்தது, ரவுட்டர் செத்துவிட்டது. ஒரு செயற்கூறு என்ன வரிசையில் உள்ளீடு கேட்கும் என்று பார்க்க வேண்டும். எங்கள் சொந்தக் கையேடு இணையத்தில் மட்டும் இருந்தது.

கையேடு கருவியோடு சேர்ந்தே இறங்க வேண்டும் என்று பல நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். இனிப் பேச்சில்லை. ‘உதவி’ என்று அடித்தால் டெர்மினலிலேயே வர வேண்டும். மலையில் இது குரங்கு வரும் நாளுக்கான வசதி மட்டும் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் சிக்னல் கிடைக்காமல், வீதிக்கு ஏறி வந்து டேட்டா போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு, படங்களும் அசையும் பட்டையுமாக விரியும் இணையக் கையேடு எதற்கு? பென்டிரைவில் கொடுக்கக்கூடிய ஒற்றைக் கோப்பு போதும்.

2025 பெப்ரவரி 12

பௌர்ணமி விடுமுறை, நேரம் இருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பற்றி.

தமிழில் நிரல்மொழி என்றால் முத்து அண்ணாமலையின் எழில் மொழியைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். நிபந்தனையை முன்னால் வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னால் வைத்தது அங்கே நல்ல முடிவு. எழிலின் அமைப்பில் எங்கள் வகுப்பு எடுத்துக்காட்டு இப்படி வரும்:

@(எடை >= 18) ஆனால்
    பதிப்பி "முழுப்பேர்"
இல்லை
    பதிப்பி "அரைப்பேர்"
முடி

பறித்த கொழுந்து 18 கிலோ இருந்தால் முழுநாள் சம்பளம், அது முழுப்பேர்; குறைந்தால் அரைநாள் சம்பளம், அது அரைப்பேர். இங்கே பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் தேவையில்லை. 18 என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அதனால் பிள்ளைகள் தாங்களாகவே அந்த எண்ணை மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை 18ஐ 20 ஆக்கிவிட்டு, “எங்கள் தோட்டத்தில் இவ்வளவு” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது. பிறகு இரண்டு பேரும் யாருடைய தோட்டத்தில் மழை நாளுக்குக் குறைப்பார்கள் என்று வாதாடினார்கள். அந்த வாதத்திலிருந்து இரண்டாவது நிபந்தனை தானாக வந்தது. ‘பூனை, நாய்’ எடுத்துக்காட்டில் இது நடக்காது.

ஆனால் ஊர்க் கணக்கை எடுத்துக்காட்டில் வைத்தால் அது பழசாகும். கையேட்டின் முதல் பதிப்பை எழுதியபோது நாட்சம்பளம் 1000 ரூபாய், 2021 வர்த்தமானிப்படி. 2024இல் 1350 ஆனது. நாங்கள் ஓர் இடத்தில் மாற்றினோம். கீழே அச்சாகும் விடையில் பழைய தொகை அப்படியே இருந்தது. நிரலை அடித்துப் பார்த்த பிள்ளைக்குத் தன் விடை பிழையோ என்று சந்தேகம்.

இதற்கு வழி ஏற்கெனவே உண்டு. பைதனில் டாக்டெஸ்ட் என்ற கருவி 2001இலிருந்தே இருக்கிறது. ரஸ்டின் ஆவணக் கருவி எடுத்துக்காட்டுகளை எல்லாம் சோதனைகளாக ஓட்டிப் பார்க்கும். நாங்களும் அப்படியே செய்தோம்: கையேட்டிலுள்ள ஒவ்வொரு நிரல்துண்டும், அதன் கீழே எழுதியிருக்கும் விடையும், வெளியீட்டுக்கு முன் ஓட வேண்டும். விடை ஒத்துவராவிட்டால் வெளியீடு நின்றுவிடும். பிழைச்செய்திகளுக்கும் இதே விதி. கையேட்டில் “இப்படிச் செய்தால் இந்தச் செய்தி வரும்” என்று இருந்தால், எழுத்துப் பிசகாமல் அதே செய்தி வர வேண்டும்.

செய்தியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூடக் கையேடு உடைகிறது என்று எங்களில் ஒருவர் சலித்துக்கொள்கிறார். உடையட்டும் அண்ணே, அதற்குத்தானே வைத்தது.

2025 பெப்ரவரி 15

“சம்பளக் கணக்கு என்கிறீர்கள், தசமத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள்?” நல்ல கேள்வி.

பெரும்பாலான மொழிகளில் 1.1 + 2.2 என்று கொடுத்தால் 3.3000000000000003 வரும். இரும எண்ணில் 1.1 சரியாக அடங்காது, அதனால் வருகிற வால். காலை நிறுவையையும் பகல் நிறுவையையும் கூட்டும் பிள்ளை முதல் நாளே இதைப் பார்த்தால், கணினியும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு மாதிரித்தான் என்று முடிவு கட்டிவிடும். எங்கள் மொழியில் புள்ளி வைத்து எழுதும் எண் எல்லாம் தசம எண். வேகம் குறையும், பரவாயில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்கும்போது சதம் எந்தப் பக்கம் உருளும் என்பது கையேட்டில் தனித் தலைப்பு. தொழிலாளியின் பங்கு 8, தொழில்தருநர் பங்கு 12, நம்பிக்கை நிதியத்துக்கு 3: மூன்றையும் தனித்தனியே சதமாக்கிக் கூட்டுவதும், கூட்டிவிட்டுச் சதமாக்குவதும் ஒரே விடை தராமல் போகலாம். மொழி எதைச் செய்கிறது என்று எழுதியிருந்தால் சண்டை இல்லை.

2025 மார்ச் 1

மொழி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் வரையறையை எழுத வேண்டுமா என்று அந்தத் தம்பி மறுபடி கேட்கிறார். “எனக்கு ஒரே ஒரு செயலாக்கம்தான், அது செய்வதுதான் வரையறை.”

இலங்கையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாலரினா மொழி கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் பிறந்தது, திறந்த மூலம், 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அதன் வரையறையை முன்னின்று எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க், தரவை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு எக்ஸ்பாட் என்ற பாகுபடுத்தியை எழுதியவர். நிரலை ஓடத்தக்கதாக மாற்றும் தொகுப்பி ஒரு பக்கம், வரையறை ஒரு பக்கம். இரண்டும் முரண்பட்டால் எது பிழை என்று கேட்க முடிகிறது. ஒரே செயலாக்கம் மட்டும் இருந்தால் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது. அது செய்வதெல்லாம் சரி ஆகிவிடும். அப்புறம் அந்த மொழியில் ‘எடுத்துக்காட்டு வழியே’ என்றொரு தொகுப்பும் உண்டு. பக்கத்துக்கு ஒரு சின்ன நிரல், கூடவே சில வரி விளக்கம். வரையறையை வாசிக்காதவர்கள் அதை வாசிக்கிறார்கள். தசம எண்ணை மொழியின் அடிப்படை வகையாகவே வைத்திருப்பதையும் கவனியுங்கள்.

தம்பிக்கு அவ்வளவு பெரிய வரையறை வேண்டாம். இலக்கணம் இரண்டு பக்கம், எண் எப்படி நடக்கும் அரைப்பக்கம், பெயர் விதி அரைப்பக்கம். அது போதும்.

2025 மார்ச் 2

“பாலரினாவில் சொற்கள் ஆங்கிலம்தானே, அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்” என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். வரையறை எழுதும் ஒழுங்குக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? அடுத்த கேள்வி.

2025 மார்ச் 13

இன்றும் பௌர்ணமி. வளைந்த மேற்கோள்குறிகள் பற்றி எழுதுகிறேன், இது வகுப்பில் மிக அதிகமாக நேரம் தின்றது.

பிள்ளைகள் நிரலை வாட்ஸ்அப்பில் பரிமாறுகிறார்கள். சிலர் வேர்டில் ஒட்டி அச்செடுத்து வருகிறார்கள். வழியில் எங்கேயோ நேரான மேற்கோள்குறி வளைந்துவிடுகிறது, கழித்தல் குறி நீண்ட கோடாகிறது, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று எழுத்துகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்கிறது. நிரல் பார்ப்பதற்கு அச்சு அசல் ஒன்றுதான். ஓடாது.

முதலில் தாராளமாக இருந்தோம்: வளைந்த குறியையும் மொழி ஏற்கும் என்று வைத்தோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. அப்புறம் சரத்துக்குள்ளே மேற்கோள் வரும் வரிகள் வந்தன. வளைந்ததில் தொடங்கி நேரானதில் முடிவது செல்லுமா? திறக்கும் குறி இரண்டு முறை வந்தால்? விதிகளை எழுத எழுத அந்தப் பகுதி மட்டும் இலக்கணத்தின் மற்றப் பகுதிகளைவிட நீண்டுகொண்டு போனது. கையேட்டில் விளக்கி முடிக்க முடியாத வசதி மொழியில் இருக்கக்கூடாது என்று அன்று முடிவெடுத்தோம். இப்போது மொழி அதை ஏற்காது, ஆனால் இப்படிச் சொல்லும்:

4ஆம் வரியில் வளைந்த மேற்கோள்குறி இருக்கிறது. வாட்ஸ்அப் அல்லது வேர்டிலிருந்து ஒட்டினீர்களா? ‘திருத்து’ என்று கட்டளை கொடுத்தால் நேராக்கித் தருகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத குறிக்கும் இதே ஏற்பாடு. தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டாவிட்டால் பிள்ளை எதைத்தான் அழிக்கும்?

இந்தச் செய்தியில் மொழி ‘தருகிறேன்’ என்று தன்மையில் பேசுவது எங்களுக்குள் இன்னும் தீராத சண்டை. எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரணிக்குக் கூச்சம்.

2025 மார்ச் 23

கருவிகள். சுருக்கமாகத்தான் எழுத நினைத்தேன், பார்ப்போம்.

கையேட்டு இணையப் பக்கத்தில் நிரல்சொற்களுக்கு நிறம் வரவில்லை என்று ஒரு புகார். காரணம்: உலாவிக்குள் நிறம் தீட்டும் கருவிகள் ஜாவாஸ்கிரிப்டின் ‘சொல் எல்லை’ குறியை நம்பியிருக்கின்றன. அந்தக் குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் எழுத்தே இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எல்லையே தெரியாது. ஆகவே ‘ஆனால்’ ஒருபோதும் பொருந்தாது. எல்லையை நாமே எழுத வேண்டும்: முன்னால் எழுத்தோ உயிர்க்குறியோ இல்லை, பின்னாலும் இல்லை என்று. யூனிகோட் வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வசதி இப்போது ஜாவாஸ்கிரிப்டில் உண்டு.

விஎஸ் கோட் போன்ற எடிட்டர்களுக்கு மொழிச் சேவையகம் (எடிட்டருக்குப் பிழை இருக்கும் இடத்தைச் சொல்லும் நிரல்) எழுதுகிறவர்களுக்கு ஒன்று. எடிட்டரும் சேவையகமும் பேசிக்கொள்ள 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நெறிமுறை, வரியில் இடத்தை யூடிஎஃப்-16 அலகில் எண்ணச் சொல்கிறது. 3.17 பதிப்பில்தான் வேறு அலகைப் பேசித் தீர்மானிக்கும் வழி வந்தது. உங்கள் சேவையகம் உள்ளே பைட்டை எண்ணினால், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால், சிவப்பு அடிக்கோடு வரியைத் தாண்டி ஓடிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

அகரவரிசையும் அப்படித்தான். குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் நகரத்துக்கு அடுத்தே னகரம், ரகரத்துக்கு அடுத்தே றகரம் வரும். கையேட்டின் பின்னிணைப்பில் செயற்கூறுகளின் பட்டியல் அப்படி வெளிவந்தபோது எங்கள் வகுப்பில் தமிழ் ஆசிரியை ஒருவரின் மகன்தான் முதலில் பிடித்தான். வரிசைப்படுத்தும் செயற்கூறு இப்போது தமிழ் வரிசையைப் பின்பற்றுகிறது.

2025 ஏப்ரல் 5

தம்பி தன் மூலநிரல் களஞ்சியத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பார்த்தேன். சில குறிப்புகள், ஒழுங்கு எதுவும் இல்லை.

உரிமம் கோப்பே இல்லை. ‘திறந்த மூலம்’ என்று முகப்பில் எழுதினால் போதாது. உரிமம் இல்லாவிட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும், வேறு யாரும் தொட முடியாது. நிரலுக்கு எம்ஐடி உரிமம் போதும். கையேட்டுக்குப் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம் ஒன்றைத் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் ஆசிரியர்கள் அதை வெட்டித் தங்கள் பாடக்குறிப்பில் ஒட்டுவார்கள். ஒட்டட்டும்.

‘சுற்று’ என்ற சொல்லை அடுத்த பதிப்பில் மாற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றலாம், இப்போது பயன்படுத்துபவர்கள் குறைவு. ஆனால் பழைய நிரலைப் புதிய சொல்லுக்கு மாற்றித் தரும் கருவியையும் அதே நாளில் வெளியிடுங்கள். பைதன் 2இலிருந்து 3க்குப் போனபோதுகூட அப்படி ஒரு கருவி இருந்தது, அப்படியிருந்தும் பல வருடம் இழுத்தது. மாற்றக் குறிப்பில் “சில மேம்பாடுகள்” என்று எழுதாதீர்கள். எந்த நிரல் நேற்று ஓடியது, இன்று ஓடாது என்பதை எழுதுங்கள்.

பிழை அறிவிக்க, களஞ்சியம் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு வரும் அறிவிப்புகளில் பெரும்பகுதி திரையைக் கைபேசியில் பிடித்த படம், அதுவும் சாய்வாக, மேலே ட்யூப் லைட் வெளிச்சத்தோடு. அதிலிருந்து நிரலை வாசித்தெடுக்க முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு பிழைச்செய்தியின் ஓரத்திலும் பெரிய எழுத்தில் ஓர் எண் போட்டோம். படத்தில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் அந்த எண் தெரியும். கையேட்டில் அந்த எண்ணைத் தேடினால் விளக்கம், இரண்டு எடுத்துக்காட்டு, திருத்தும் வழி. உங்கள் பட்டியலில் எண் இல்லை. முதலில் அதைச் சேருங்கள், நான் மற்றவற்றுக்குத் திருத்தம் அனுப்புகிறேன். புத்தாண்டுக்கு வகுப்பு இல்லை, அந்த வாரம் பார்க்கலாம்.